தட்டை மீனின் வயிறு

எங்கள் வீட்டில் ஒரு வருடத்துக்கு மேல் மீன் சமைக்கவில்லை. ஏன் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. லண்டன் ஈஸ்ட் ஹாமில் மீன்கடை பக்கத்திலேயே இருந்தது. அதைத் தாண்ட வேண்டி வந்தால் அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு தெருவின் மறுபக்கம் போய்விடுவா.

மாமா, அம்மாவின் ஒரே தம்பி, மன்னாரில் வள்ளம் ஏறி இந்தியாவுக்குப் போனவர். போய்ச் சேர்ந்துவிட்டார், போன் இல்லாத இடத்தில் இருக்கிறார் என்று எனக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வரும் சனம் தேத்தண்ணியைக் குடித்தபடி குசுகுசுக்கும். நான் உள்ளே வந்ததும் வாயை மூடும். சின்னப் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்த அந்தச் சனத்தின் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம்தான்.

அப்பாவுக்கு ஒரு யோசனை வந்தது. பெட்ரோல் ஷெட்டில் கூட வேலை செய்தவனிடம் தூண்டில் தடி இரவல் வாங்கி வந்தார்.

"எங்கட கையால பிடிச்ச மீன் எண்டால் சாப்பிடுவாய்தானே? இது வேற கடல்."

அம்மா சாப்பாட்டுப் பையைக் கட்டினா. கறிக்கத்தியைத் துணியில் சுற்றி உள்ளே வைத்தா. பாண் வெட்டுவதற்கு என்று நினைத்தேன்.

ஞாயிறு காலை ரயிலில் சவுத்எண்ட் கடற்கரைக்குப் போனோம். கோடை என்று பெயர். கடலே தெரியாமல் பனிப்புகார். கடலுக்குள் நீண்டு போகும் பாலம் ஒன்று அங்கே உண்டு. நடக்க நடக்கப் பின்னால் கரை காணாமல் போனது. பலகை இடுக்குகளால் பார்த்தால் கீழே தண்ணீர் அசைந்துகொண்டிருந்தது. சத்தமே இல்லை.

நுனியில் ஒரு வெள்ளைக்காரக் கிழவன் மட்டும் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தான். தட்டை மீன் அடியில் சேற்றோடு சேறாகப் படுத்திருக்கும், ஈயக்குண்டு நிலத்தைத் தொடவேண்டும் என்று அப்பாவுக்குக் காட்டினான். அப்பா புழுவைக் கொளுவி எறிந்தார். அம்மா கம்பியைப் பிடித்தபடி நின்றா. ஆரோ கூப்பிடுவதைக் கேட்பது மாதிரிக் கழுத்தைச் சாய்த்திருந்தா.

"என்னம்மா கேக்குது?"

"ஒண்டுமில்லை. நீ சத்தம் போடாதை."

தடி வளைந்தது. வந்தது சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு மண்ணிற மீன். இரண்டு கண்ணும் ஒரே பக்கம். மறுபக்கம் வெறும் வெள்ளை, முகமே இல்லாத மாதிரி.

"பாத்தியே உன்ர மனுசனை!" என்று அப்பா துள்ளினார். கிழவன் கை தட்டினான்.

அம்மா கத்தியோடு பலகையில் முழங்கால் குத்தினா. மீன் இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. வயிற்றைக் கீறி, இரண்டு விரலை உள்ளே விட்டு, இருந்ததெல்லாம் வெளியே எடுத்துப் பரப்பினா. சேறு. நண்டுக் கால்கள். ஒரு வெள்ளைத் துண்டு. அதைக் கோட்டில் துடைத்து என் முகத்துக்கு நேரே பிடித்தா.

"பிள்ளை, உனக்குக் கண் நல்லாத் தெரியும். இது என்ன?"

"சிப்பி."

"வடிவாப் பார். மனுசப் பல்லோ?"

"சிப்பிதான் அம்மா."

கிழவன் தன் வாளியைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போனான்.

"விசர்க்கதை கதையாதை!" அப்பா கத்தினார். "அவன்ர வள்ளம் கவிண்டது அங்க. இது இங்கிலாந்து!"

"கடலுக்கு நடுவில மதில் கட்டியே வச்சிருக்கு?" என்றா அம்மா. கடையில் விலை கேட்கும் குரல். அந்தக் குரலுக்குத்தான் நான் பயந்தேன்.

மாமாவின் வள்ளம் கவிழ்ந்தது எனக்கு அப்படித்தான் தெரியவந்தது. இரண்டு பேரும் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்று பின்னேரம் அம்மா அந்த மீனைப் பொரித்தா. எனக்கும் அப்பாவுக்கும் போட்டா. தான் சாப்பிட இருக்கவில்லை. மேசையோடு நின்று, நான் மெல்லும் வாயையே பார்த்துக்கொண்டிருந்தா.

"ஏதும் கடிபட்டதோ?"

"இல்லை."

இன்னொரு வாய். "இப்ப?"

"இல்லையம்மா."

தட்டு வெறுமையானதும் அம்மா சிரித்தா. எவ்வளவோ காலத்துக்குப் பிறகு சிரித்தா. "வாற ஞாயிறும் போவம்" என்றா. அப்பா தலை நிமிரவில்லை.

அந்தக் கோடை முழுக்கப் போனோம். அம்மா எதையோ கண்டுபிடிக்கத் தேடுகிறா என்றுதான் நினைத்தேன். நானும் கூடக் குனிந்து தேடினேன். ஒன்றும் அகப்படாத ஒவ்வொரு வயிற்றிலும் அவவின் தம்பிக்கு இன்னொரு கிழமை உயிர் இருந்தது. அது அப்போது எனக்கு விளங்கவில்லை.