லென்ஸ் மூடி

படப்பிடிப்பு முடிந்து லென்ஸ் மூடியைப் போட்டேன். டக் என்றது. ஸ்டுடியோவைக் கூட்டும் அக்கா, “மேடம், என்னையும் ஒண்ணு எடுங்க” என்றாள். மரக்காணம் உப்பளத்தில் என் அம்மாவும் இதையேதான் கேட்டாள்.

எனக்கு அப்போது பத்து வயது. நடிகைகளைப் படமெடுக்கும் பெரிய போட்டோகிராபர் வந்திருந்தார். நடிகை முகத்தில் வெளிச்சம் அடிக்க, உச்சிவெயில்வரை அம்மாவை உப்புத் தண்ணீரில் வெள்ளை அட்டையோடு நிற்கவைத்தார். அதுவரை அம்மாவிடம் தன் படம் ஒன்றுகூடக் கிடையாது.

“சார், என்னையும் ஒண்ணு புடிங்க சார்.”

முகம் கழுவி, முடியை ஒதுக்கிக்கொண்டு விறைப்பாக நின்றாள். அந்த ஆள் மூடியைக் கழற்றாமலே நாலு தடவை அமுக்கினான். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

“ஏண்டி சிரிக்கிற?”

“நீ சினிமாக்காரி மாதிரி இருக்கம்மா.”

“தபால்ல அனுப்பறேம்மா” என்று சொல்லிவிட்டுப் போனான். அம்மா சாகும்வரை தபால்காரரை நிறுத்திக் கேட்டாள். செத்ததும் வாக்காளர் அட்டைப் படத்தைப் பெரிதாக்கித்தான் மாலை போட்டோம்.

அக்கா புடவையை இழுத்துவிட்டு நின்றாள். எனக்கு அடுத்த வேலைக்கு நேரமாகிவிட்டது.

“சிரிங்கக்கா” என்று மூடியோடு அமுக்கினேன். என் ஆட்கள் சிரித்தார்கள்.

“எப்ப மேடம் குடுப்பீங்க?”

“வாட்ஸ்அப்ல அனுப்பறேன்.”