கோட்டின் கடைசி மடிப்பு

என்னிடம் இருக்கும் கறுப்புக் கோட்டின் கைகளில் உட்பக்கமாக ஒரு மடிப்பு இன்னும் மிச்சம் இருக்கிறது. முன்பு நாலைந்து மடிப்புகள் இருந்தன. நான் அரிச்சுவடி படிக்கும்போதே அய்யா அதைத் தைக்கக் கொடுத்துவிட்டார். அப்பாவை நாங்கள் அய்யா என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் ஊர் போடிநாயக்கனூரில் தையல்காரர் நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு, "கோட்டு ஆருக்குங்க?" என்று கேட்டாராம். பால் பல் விழுந்து நின்ற என்னைக் காட்டி, "டாக்டருக்கு" என்றாராம் அய்யா. ஆள் வளர்ந்தாலும் கோட்டு வீணாகக் கூடாது என்று பெரிய ஆளுக்குத் தைத்து, கையை மட்டும் மடித்து மடித்துத் தையல் போடச் சொல்லியிருக்கிறார். போட்டால் சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி இருப்பேன். தீபாவளிக்குத் தீபாவளி என்னை அதற்குள் நிறுத்திப் பார்ப்பார். கை நீண்டிருந்தால் ஒரு மடிப்பைப் பிரிப்பார். "கடைசி மடிப்பு மட்டும் ஒனக்கு எடம் கெடைச்ச அன்னைக்குத்தான் அப்பு" என்பார்.

இடம் என்றால் சென்னையில் வைத்தியப் பள்ளிக்கூடத்தில் இடம். எனக்கு மூத்தவன் ஒருவன் இருந்தான். பேதி கண்டு, மாட்டுவண்டியில் பெரியகுளம் போய்ச் சேருவதற்குள் வழியிலேயே முடிந்துவிட்டான். அன்று வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தவர், வீட்டுக்கு ஒரு டாக்டர் வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டார். மிச்சம் இருந்த பிள்ளை நான்தான். அதனால் நான்தான் டாக்டர். எனக்கு ஆசை உண்டா என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் கேட்டிருந்தால் உண்டு என்றுதான் சொல்லியிருப்பேன். அதுதான் இப்போதும் வயிற்றெரிச்சல்.

அய்யா ஏலக்காய்த் தோட்டம் ஒன்றில் கணக்குப்பிள்ளை. எதையும் முன்கூட்டி யோசிக்காமல் செய்ய மாட்டார். மழைக்கு முன் விறகு, அறுவடைக்கு முன் சாக்கு, எனக்கு மீசை முளைப்பதற்கு முன் கோட்டு. மதுரையில் என்னை ஹைஸ்கூலில் சேர்த்தபோது ஒரு வக்கீல் அவரிடம், "ஆஸ்பத்திரி வேலை பழகின பையன்னா தனி மதிப்பு" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு எனக்கு விடுமுறை என்று ஒன்று கிடையாது. லீவு விட்டதும் குரங்கணி வழியாக மலையேறி, தோட்டத்து மருந்துக் கொட்டகையில் கம்பவுண்டருக்குக் கூடமாட வேலை செய்ய வேண்டும். அட்டை கடித்த காலுக்குக் கட்டுப் போட்டேன். மருந்து கலக்கினேன். வேலை எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

என்னைப் பெற்ற ஆத்தாளுக்கு மட்டும் இதில் சம்மதமில்லை. மலைக்குப் போய்த் தங்கியவர்கள் குளிர்காய்ச்சலோடு இறங்குவதைப் போடியில் எல்லாரும் பார்த்திருக்கிறோம். "மழை விட்ட நேரம், பிள்ளைய ஏத்தாதீக" என்று அவள் மன்றாடினாள். அய்யா சிரித்தார். அதற்கும் யோசனை வைத்திருந்தார். காய்ச்சல் மலைத்தண்ணீரில் இருக்கிறது என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. ஆகவே எனக்குக் குடிக்க மட்டும் போடித் தண்ணீர், காய்ச்சி ஆறவைத்து, வாய்க்குத் துணி கட்டிய குடத்தில் சுமையாள் தலையில் ஏறியது. ஓடைகள் சலசலத்து ஓடும் மலையில், கீழிருந்து வந்த தண்ணீரைக் குடித்துக்கொண்டு நான் ஒருவன் இருந்தேன். தோட்டத்து ஆட்கள் என்னை "குடத்துத் தண்ணி டாக்டரு" என்று கேலி செய்தார்கள்.

கம்பவுண்டர் வேலையாட்களுக்குக் குளிர்காய்ச்சல் வராமலிருக்கக் கொயினா மருந்து கொடுப்பார். எனக்கும் கொடுக்க வந்தார். அய்யா அவர் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார். "கொயினா காத அடைக்கும்ல? நாளைக்கு நெஞ்சுல கொழாய வச்சுக் கேக்கப்போற பய. அவனுக்குக் காதுதான சோறு போடணும்?" கம்பவுண்டர் என்னைப் பார்த்தார். நான் அய்யாவைப் பார்த்தேன். மருந்து புட்டிக்குள் திரும்பிப் போனது.

அடுத்த வருடமே எனக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. விட்டுவிட்டு வந்தது. கஷாயம் குடித்தேன், கம்பளிக்குள் கிடந்தேன், எழுந்து மறுபடி படித்தேன். பரீட்சையில் நல்ல மார்க்குடன் தேறினேன்.

சென்னையில் கேள்வி கேட்டவர்கள் முகம் மலரப் பதில் சொன்னேன். கட்டுப் போடத் தெரியும் என்றதும் தலையாட்டினார்கள். பிறகு உடம்பைச் சோதிக்கும் டாக்டர் கோட்டைக் கழற்றச் சொன்னார். படுக்கவைத்து இடது விலாவுக்குக் கீழே விரல்களால் அழுத்தினார். அழுத்திய இடத்திலேயே கை நின்றது. மண்ணீரல் கல் மாதிரி வீங்கியிருக்கிறது என்றார். வாசலில் நின்ற அய்யாவை உள்ளே கூப்பிட்டார்.

"பையன் மலைக்காட்டில் இருந்தானா?"

"ஆமாங்க. இங்க சேக்கத்தானுங்க அனுப்பினேன்."

"கொயினா கொடுத்தீர்களா?"

"இல்லீங்க. காது ரொம்பச் சுத்தமுங்க." அய்யா பெருமையாகத்தான் சொன்னார்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். கொசுவலையாவது கட்டினீர்களா என்று கேட்டார். அய்யா விழித்தார். "தண்ணி கொண்டு போனோமுங்க" என்றார். இந்த உடம்பு படிப்புக்குத் தாங்காது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

ரயிலை விட்டு இறங்கி வண்டியில் வரும்போது எனக்குக் குளிர் கண்டது. பல் கிட்டியது. அய்யா கோட்டை எடுத்து என்மேல் போர்த்தினார். பிறகு மாட்டைப் பார்த்துக்கொண்டே, "தண்ணிய மட்டுந்தான பாத்தேன் அப்பு" என்றார். நான் கோட்டுக்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அத்தனை கோபம். இத்தனை வருடத்தை முன்கூட்டி யோசித்த மனிதர், எதிரே நீட்டிய மருந்தை ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையே! அவர் போய்ச் சேர்ந்த பிறகும் எனக்கு அந்தக் கோபம் ஆறவில்லை.

கொயினா குடித்துத்தான் பிழைத்தேன். இப்போது அதே மருந்துக் கொட்டகையில் நான் கம்பவுண்டர். டாக்டராவதற்காகப் பழகிய வேலைதான் சோறு போடுகிறது. கொயினா குடித்த நாளிலிருந்து காதில் ஒரு வண்டு ஓயாமல் ரீங்காரமிடுகிறது. மலைக்குளிருக்கு அந்தக் கோட்டைத்தான் போட்டுக்கொள்கிறேன். தோள் கச்சிதமாக இருக்கிறது, கைதான் எட்டவில்லை. போன வாரம் என் மனைவி கத்தரியோடு வந்தாள்.

"அந்த மடிப்பையும் பிரிச்சுவிட்டா மணிக்கட்டு மறையும்ல?"

வேண்டாம் என்று கையை இழுத்துக்கொண்டேன். இடம் கிடைத்த அன்றைக்குத்தான் என்று அய்யா சொல்லியிருக்கிறாரே.