விருத்தாசலம் சாலையில் பச்சை யானைகளோடு என் பைக்

எங்கள் வீட்டில் ஃபியூஸ் போனபோது, கழற்றிய வெள்ளைப் பீங்கான் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "இதெல்லாம் எங்கே செய்வாங்க?" என்று எலக்ட்ரீசியனிடம் கேட்டேன். "விருத்தாசலமா இருக்கும் மேடம், பீங்கான் பொம்மைகூட அங்கதான்" என்றார். அவ்வளவுதான், போய்ப் பார்க்காமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. போன பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு, காலை 4.40க்குத் தாம்பரத்தில் பைக்கைக் கிளப்பினேன்.

உளுந்தூர்பேட்டையிலேயே பிரிந்திருக்க வேண்டும். பாட்டு கேட்டுக்கொண்டே தாண்டிவிட்டு, வேப்பூரில்தான் விழித்தேன். மணி 9.10. இரண்டு இட்லி, ஒரு வடை, டீ, 55 ரூபாய். அங்கிருந்து விருத்தாசலம் சாலையில் பதினோராவது கிலோமீட்டரில் இன்ஜின் ஒரு முறை கிறீச்சிட்டு நின்றது. கிக்கர் இறங்கவே இல்லை. ஆயில் மாற்றச் சொல்லி மெக்கானிக் இரண்டு முறை சொல்லியிருந்தார். நான் கேட்டால்தானே! நியூட்ரலில் வண்டி உருண்டது, அது ஒன்றுதான் ஆறுதல்.

10.20க்கு டிரெய்லரோடு ஒரு டிராக்டர் ஊர்ந்து வந்தது. கையைக் காட்டினேன். ஓட்டி வந்தவர் பெயர் ஏழுமலை, முப்பத்தைந்து வயது இருக்கும். டிரெய்லரின் முன்பாதியில் மூங்கில் சட்டம், அதில் எட்டு அடுக்குப் பலகை, அவ்வளவும் கையளவு யானைப் பொம்மைகள். அட, நான் தேடி வந்ததே என்னைத் தேடி வந்துவிட்டதே! பின்பக்கம் ஏறி, ஒன்றைத் தும்பிக்கையைப் பிடித்துத் தூக்கினேன். தும்பிக்கை மட்டும் கையோடு வந்தது.

"ஐயய்யோ, அது பச்சை, அக்கா! இன்னும் சூளைக்குப் போவல" என்றார். காயவைத்த வெறும் மண், சுடாத வரை அதைப் 'பச்சை' என்பார்களாம். அவரும் மனைவியும் மூன்று வாரமாக வீட்டில் செய்த முந்நூற்று இருபது யானைகள். விருத்தாசலத்தில் பொதுச் சூளை, முறை வைத்துத்தான் இடம் கிடைக்கும். "பன்னெண்டு மணிக்கு சூளைய மூடிருவாங்க. இன்னிக்கு வுட்டா மறுபடி எப்ப முறை வரும்னே தெரியாது. உங்க வண்டிய நீங்களே ஏத்திக்குவீங்கன்னா ஏத்துங்க. நான் இத வுட்டு நவுர மாட்டேன்."

"தாராளமா!" என்றேன். வாய்தான் எனக்கு எப்போதும் முன்னால் போகும். பைக் 148 கிலோ.

சாலையோர மண்மேட்டுக்கு எதிரே டிரெய்லரைப் பின்னோக்கிக் கொண்டுவந்து நிறுத்தினார். மேட்டுக்கும் டிரெய்லருக்கும் நடுவே ஓர் அடி உயரம்தான் மிச்சம். ஒரு பலகை கொடுத்தார். பைக் ஏறியது, நான் நடக்க இடமில்லை, பலகைக்குக் கீழே இருந்த பள்ளத்தில் இறங்கினேன். பைக்கும் பின்னாலேயே இறங்கியது. இன்னொரு பலகை வாங்கி, டயருக்கு ஒன்று, காலுக்கு ஒன்று என்று போட்டேன். லக்கேஜ் கயிற்றை முன் ஃபோர்க்கில் கட்டி, டிரெய்லரின் பக்கவாட்டு இரும்புக் கம்பியில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டேன். இடுப்பால் ஒரு தள்ளு, கயிற்றில் ஒரு இழுப்பு. தள்ளிய வண்டி பின்னால் வராமல் கயிறு பிடித்துக்கொண்டது. யாருக்காவது சொல்ல வேண்டும்போல அவ்வளவு சந்தோஷம்!

பின்சக்கரம் விளிம்பில் ஏறியபோது டிரெய்லர் மொத்தமும் பின்பக்கம் 'தொம்' என்று இறங்கியது. பைக் என் மேல் சாய்ந்தது. "புடிங்க! புடிங்க!" என்று கத்தினேன். ஏழுமலை சட்டத்துக்கு அந்தப் பக்கம் நின்று, இரண்டு கையாலும் பலகைகளை அணைத்தபடி அசையவே இல்லை. எனக்கு அவர் கைகள் மட்டும்தான் தெரிந்தன. தொடையால் முட்டுக்கொடுத்து நிமிர்த்தி, ஸ்டாண்டு போட்டு, நான்கு பக்கமும் கட்டி முடிக்க 10.55 ஆனது. அவர் ஏதோ முடிச்சுப் போட்டுவிட்டு, போய் ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

மண் பொம்மைக்கு இருக்கிற மரியாதை மனுஷிக்கு இல்லையா என்று வயிறு எரிய உட்கார்ந்திருந்தேன். அந்தக் கோபத்திலும் குறித்துக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன். தனியாகப் போகிறவர்கள் இருபதடி கயிறு எடுத்துப் போங்கள். சாலையோர மேடு கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. பலகை இரண்டு, ஒன்று போதவே போதாது. இன்ஜின் இறுகி நின்றால் கியரில் வைத்துத் தள்ளிப் பார்க்காதீர்கள், அப்படிச் செய்யாமலே எனக்குப் பிஸ்டன் வேலைக்கு 4,800 ரூபாய் ஆனது. முக்கியமாக, ஆயில் பாருங்கள்.

11.40க்குச் சூளை வாசல். நான் முந்திக்கொண்டு சட்டத்தின் அந்தப் பக்கம் போனேன். சட்டத்தைக் கட்டியிருந்த கயிறு அறுந்து, மறுபடி முடிச்சுப் போடப்பட்டிருந்தது. முடிச்சில் ரத்தக் கறை. அவருடைய இரண்டு உள்ளங்கைகளும் தோல் உரிந்திருந்தன.

"இது எப்பங்க அறுந்தது?"

"நீங்க புடிங்க புடிங்கன்னு கத்துனீங்களே, அப்பதான். மொத்தமும் உங்க பக்கம்தான் சாய்ஞ்சுது, இழுத்துப் புடிச்சுக்கிட்டிருந்தேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா வண்டிய வுட்டுட்டு ஓடியிருப்பீங்க. வண்டி என் சாமான் மேல வுழுந்திருக்கும்" என்றார், கொஞ்சமும் கூச்சப்படாமல்.

சிரிப்பு வந்தது, கண்ணீரும் வந்தது. ஓடியிருப்பேன்தான். உடைந்தவை ஆறு. கரைத்துத் திரும்பச் செய்துகொள்ளலாம் என்று அவற்றைத் தண்ணீர் வாளியில் போட்டார். மேல்பலகையைத் தூக்கப் போனவர், கை எரியவே, என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"தும்பிக்கைய தொடக் கூடாது. பலகைய மட்டும் புடிங்க."

எட்டுப் பலகையையும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து இறக்கினோம். சூளையை மூட ஆறு நிமிடம் இருந்தது.