வெற்றுக் கார்டில் என் கையெழுத்து

காங்கேயம் போகிற வழியில் ஒரு எலக்ட்ரிக் ஸ்கூட்டர் கம்பெனி. மூன்று வருடம் அங்கே நைட் ஷிப்டு பார்த்தேன். வேலை கேட்பதற்குச் சுகமாக இருக்கும். முடிந்து வரும் ஒவ்வொரு வண்டியையும் இரண்டு சுற்று ஓட்ட வேண்டும், பிரேக் பிடித்துப் பார்க்க வேண்டும், டெஸ்ட் கார்டில் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கப்புறம் அந்த வண்டிக்கு நான்தான் பொறுப்பு. சம்பளம் கொடுத்து வண்டி ஓட்டச் சொல்கிறார்களே என்று முதல் வாரம் சிரித்தோம். மார்கழிப் பனியில் மூக்கு ஒழுகியதும் சிரிப்பு நின்றுபோனது.

சிரித்தோம் என்றேனே, நானும் அவனும். பனியன் கம்பெனி கட்டிங் டேபிளில் பத்து வருடம் எதிரெதிரே நின்றவர்கள். சேர்ந்தே அதை விட்டோம், சேர்ந்தே இங்கே வந்தோம்.

இரண்டு மணிக்கு மேல் கண் சொக்கும். அதற்கு ஒரு வழி வைத்திருந்தோம். ஷிப்டு தொடங்கும்போதே ஆளுக்குப் பத்து வெற்றுக் கார்டில் கையெழுத்துப் போட்டு மற்றவனிடம் கொடுத்துவிடுவது. ஒருவன் ஒரு மணி நேரம் தூங்குவான். மற்றவன் இரண்டு பேர் பங்கையும் ஓட்டி, வண்டி நம்பர் ஸ்டிக்கரைக் கார்டில் ஒட்டிவிடுவான். தப்புதான். அது தெரியாத மடையன் இல்லை நான். ஆனால் அவனை நம்பாமல் வேறு யாரை நம்புவேன்?

பல்லடத்தில் ஒருவர் புது வண்டியில் பிரேக் பிடிக்காமல் லாரியின் பின்புறம் மோதிக் காலை முறித்துக்கொண்டார். பிரேக் போல்ட்டை முறுக்கவே இல்லை. ஒரு சுற்று ஓட்டியிருந்தால் தெரிந்திருக்கும். கார்டில் என் கையெழுத்து. நான் தூங்கிய நேரத்து வண்டி.

விசாரணைக்கு இரண்டு பேரையும் கூப்பிட்டார்கள். ஆபீஸ் வாசலில் அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "மாப்ள, அத ஓட்டாமயே உட்டுட்டன்டா. நானே சொல்லிக்கறேன். நீ உள்ள வாயத் தொறக்காத."

சரியென்று ஊமையாட்டம் நின்றேன். மேனேஜர் கார்டை நீட்டினார்.

"அவருதானுங்க ஓட்டுனாரு. கையெழுத்து அவருதுங்களே," என்றான். குரல்கூட நடுங்கவில்லை, பாவி! தூங்கினேன் என்று சொன்னாலும் எனக்கு வேலை போகும், சொல்லாவிட்டாலும் போகும். அதைத் தெரிந்துதான் பேசினான். அன்றைக்கே என்னை வெளியே அனுப்பினார்கள்.

சாயங்காலம் போன் பண்ணினான். "கோவிச்சுக்காத மாப்ள. எனக்கு ரெண்டு பொட்டப்புள்ளைங்க."

எனக்கும் இரண்டுதான். என் மனைவிக்கு அண்ணன் தம்பி கிடையாது. பெரியவளுக்குச் சீர் செய்தபோது, தாய்மாமன் இடத்தில் தட்டோடு வந்து நின்றவன் அவன்தான்.