சொன்னவரே செய்யட்டும்

பாளையங்கோட்டைப் பள்ளி வாத்தியார் ஞானாபரணம் ஏழு வருஷம் பொறுத்தார். மாதக் கூட்டத்தில் அவர் சொல்லும் யோசனையைத் தலைமையாசிரியர் வேதமுத்து உரக்கச் சொல்லித் தமதாக்கிக்கொள்வார். பகல்கொள்ளை! மிஷன் துரையின் பாராட்டும் அவருக்கே.

1911இல் கூட்டக் குறிப்பு எழுதும் வேலை ஞானாபரணத்துக்கு வந்தது. யோசனை சொன்னவரே அதைச் செய்யவேண்டும் என்ற விதிக்குத் துரையின் சம்மதம் வாங்கினார். அடுத்த கூட்டத்தில் பையச் சொன்னார்: "பள்ளிக்கூடம் வராத பிள்ளைகள் வீட்டுக்குச் சனிக்கிழமைதோறும் நடந்தே போகணும்." வேதமுத்து வழக்கம்போல் அதை முழங்கினார். ஞானாபரணம் வேதமுத்துவின் பெயரைப் போட்டு எழுதிக்கொண்டார்.

பங்குனி வெயிலில் பேட்டைவரை போய்வந்த வேதமுத்து, கொப்புளித்த காலோடு சீறினார்: "எவம்வே இதைச் சொன்னது?"

ஞானாபரணம் குறிப்பேட்டை விரித்தார். "ஐயாதான சொன்னிய. அடுத்த கூட்டத்துக்கும் ஒரு யோசனை வச்சிருக்கேன்."