காபிச் சக்கை கேட்டுப் போனவள்

அடையாள அட்டையில் ஆராய்ச்சி உதவியாளர் என்று இருந்தாலும், என் வேலையில் பாதி, மற்றவர்கள் கொட்டப்போவதைக் கொட்டுமுன் கேட்டு வாங்குவது. காபிச் சக்கை, காய்த்தோல் எல்லாவற்றையும் காற்றுப் படாமல் மின் உலையில் சுட்டுக் கரியாக்கி, அந்தக் கரியைக் கொண்டு மின்சாரத்தைச் சேமிக்கும் சின்ன வில்லைகள் செய்கிறோம். கையில் நோட்டோடு அந்நியர் கடைவாசலில் வாய் வராமல் நின்ற அனுபவம் உங்களுக்கும் உண்டென்றால் என் பாடு புரியும்.

எத்தனை மாடு?

மலைமேல் ஒண்டிக்கடை என்கிற இடத்தில் மெஸ் நடத்தும் அக்காவிடம் உருளைக்கிழங்குத் தோல் கேட்டேன். கரி, மின்சாரம் என்று நான் தடுமாறி விளக்கியதை முழுக்கக் கேட்டார். பிறகு என் செருப்பை உற்றுப் பார்த்தார், சாணி ஒட்டியிருக்கிறதா என்று.

"உண்மையச் சொல்லு கண்ணு, ஊட்டுல எத்தன மாடு வெச்சிருக்கற?"

கழுவிய டப்பா

பக்கத்துக் காபிக்கடையில் முதல் நாள் சுற்றுலாக் கூட்டம். கடைக்கார அண்ணன் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "பின்னால வாளில கெடக்குது, அள்ளிக்க கண்ணு" என்றார். அள்ளிக்கொண்டேன்.

அடுத்த வாரம் கழுத்தில் அட்டை தொங்கப் போனேன். அண்ணன் தோள் துண்டை எடுத்து மடித்தார். வாளிப் பக்கம் என்னை விடவில்லை. உள்ளே போய், பளபளவென்று கழுவிய எவர்சில்வர் டப்பாவில் சக்கையைக் கொண்டுவந்து இரண்டு கையாலும் கொடுத்தார்.

"ஏனுங்க மேடம், செக்கிங் நம்ம கடைக்கு மட்டுங்களா, எல்லாக் கடைக்குங்களா?"

நான் சிரித்து வைத்தேன். கூச்சப்படுகிறவர்கள் எதற்கும் சிரித்துவைப்போம். அதை அதிகாரியின் சிரிப்பு என்று அவர் எடுத்துக்கொள்வார் என்று எனக்குத் தெரியவில்லை.

பஸ்ஸில்

முதல் தடவை மலையிலிருந்து சேலத்துக்கு இறங்கும்போது என் டப்பாவின் புளித்த வாடைக்குப் பக்கத்து சீட் காலியானது. அதற்கப்புறம் மூன்று வாரமும் யாரும் எழுந்து போகவில்லை. கண்டக்டர் குனிந்து மோந்துகூடப் பார்த்தார்.

"நொம்ப நல்லா மணக்குதுங்களே, எந்தக் கடைத் தூளுங்க?"

எரியாத விளக்கு

முதல் சக்கையில் செய்த வில்லை, குட்டி விளக்கை வெகுநேரம் எரியவைத்தது. அடுத்த மூன்று வில்லைகளிலும் விளக்கு எரிந்தேன் என்று பெயர் பண்ணிவிட்டு அணைந்தது. அதே உலை, அதே சூடு. மாதக் கடைசிக்குள் பழைய முடிவு திரும்ப வராவிட்டால் என் வேலை நீடிக்காது. என் ஆராய்ச்சிக்குப் பொறுப்பான கைடு மேடம், நோட்டில் முதல் முடிவின் எண்கள் இருந்த பக்கத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், அழித்து எழுதிய தடம் இருக்கிறதா என்று.

"நான் உன்னைச் சந்தேகப்படலம்மா. இன்னொரு தடவை செஞ்சு காட்டுன்னுதான் சொல்றேன்."

மூன்று தண்ணீர்

டப்பாவைக் கழுவும்போது கண்டக்டர் நினைவுக்கு வந்தார். சக்கை எங்காவது மணக்குமா?

அடுத்த முறை அட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, கடையின் பின்பக்கம் போய் நின்றேன். அண்ணன் ஒரே தூளில் டிகாக்ஷன் இறக்கினார்; மறுபடி வெந்நீர் ஊற்றினார்; மறுபடியும் ஊற்றினார். மூன்றாம் தண்ணீரும் வடிந்த சக்கை வாளிக்குப் போனது. எனக்கான டப்பாவில் புதுத்தூளைப் போட்டு, வெந்நீர் தெளித்து அழுத்தினார். சாறும் எண்ணெயும் இறங்காத தூள். அதன் கரி எப்படி முதல் வாரத்துக் கரிபோல வரும்?

"அண்ணா, நான் ஆபீசர் இல்லைங்க. எனக்கு அந்த வாளிதான் வேணும்" என்றேன். அந்த மாதத்தில் நான் பேசிய மிக நீளமான பேச்சு அது.

வாளிச் சக்கையில் விளக்கு பழையபடி எரிந்தது. வேலையும் தங்கியது. 'மூன்று முறை வடித்த சக்கை' என்று அறிக்கையில் எழுதப்போவதை நன்றியோடு சொல்லிவிட்டு வரப் போனேன். அண்ணன் காபி குடித்துக்கொண்டிருந்தவர்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"வெளக்கு எரிஞ்சதுல சந்தோசங் கண்ணு. ஆனா மூணுன்னு எழுதாத, ஒண்ணுன்னு மாத்தி எழுதிக்க."

எண்ணை மாற்றினாயா என்று சந்தேகப்பட்டவருக்கும் மாற்றச் சொல்லிக் கெஞ்சியவருக்கும் நடுவில் மூன்று என்றே எழுதிவிட்டேன். நான் காபி குடிப்பது மட்டும் இப்போது வேறு கடையில்.