முட்டிக்குக் கீழே ஒரு தலையணை

மதுரையில் முழங்கால் ஆபரேஷன் முடிந்து வந்த என் மகளை, பிள்ளை பெற்று வந்தவளைப் போல வைத்திருந்தோம். எங்கள் பக்கம் உடம்பில் கத்தி பட்டுவிட்டால் அது பச்சை உடம்பு. பச்சை உடம்புக்காரர் ஃபேனுக்குக் கீழே படுக்கக் கூடாது, தலைக்கு ஊற்றக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அசையக் கூடாது. என் அக்கா தன் வீட்டைப் பூட்டிவிட்டு வந்து, பூண்டும் பால்சுறா மீனுமாகச் சமைத்துப் போட்டாள்.

"அத்தை, நான் முட்டியத்தான் ஆபரேஷன் பண்ணிட்டு வந்திருக்கேன். பாக்க வாரவுக புள்ளை எங்கன்னு தேடப் போறாங்க" என்றாள் மகள்.

"வாயக் குறைடி. கபடி வெளையாடி எலும்ப ஒடிச்சுக்கிட்டு வந்தவளுக்குப் பேச்சப் பாரு."

எலும்பு ஒடியவில்லை. திருப்புல்லாணிப் பக்கம் நடந்த ஒரு போட்டியில், ஊன்றிய கால் அப்படியே நிற்க உடம்பு மட்டும் திரும்பியதில் மூட்டுக்குள் இருந்த தசைநார் அறுந்துவிட்டது. அதற்குப் பதிலாக வேறொரு நாரை எடுத்து வைத்துத் தைத்திருந்தார்கள். கல்லூரி அணியில் அவள் இருந்தாள். திரும்ப ஆட முடியுமா என்பதுதான் மயக்கம் தெளிந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி. "ஆபரேஷன் பாதி வேலைதாம்மா. மீதி நீ செய்யப்போற பயிற்சியில இருக்கு" என்றார் டாக்டர். நாளைக்கே தொடங்க வேண்டும் என்றும் சொன்னார். நான் தலையாட்டினேன்.

முதுகுளத்தூரில் உரக்கடை வைத்திருக்கிறேன். மிளகாய்க்கு மருந்து வாங்க வருகிறவர்களிடம், பாட்டிலில் போட்டிருப்பதைப் படித்து அதன்படி அடியுங்கள், பக்கத்துக் காட்டுக்காரன் சொன்னான் என்று கூட்டிக் குறைத்து அடிக்காதீர்கள் என்று தினமும் சொல்கிறவன்.

ராமநாதபுரத்திலிருந்து ஒரு பிசியோதெரபிஸ்ட் ஸ்கூட்டியில் வந்து போக ஒப்புக்கொண்டார். சின்ன வயதுப் பெண். வந்ததும் மகளின் முட்டிக்குக் கீழே நாங்கள் வைத்திருந்த இலவம்பஞ்சுத் தலையணையை உருவி எடுத்தார். துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்குக் கீழே வைத்தார். முட்டிக்கு அடியில் ஒன்றுமில்லாமல் கால் தொங்கியது. பிறகு தொடையில் ஒரு கையும் கெண்டைக்காலில் ஒரு கையுமாக வைத்து மெதுவாக அமுக்கினார்.

அப்படி ஒரு சத்தத்தை என் மகளிடமிருந்து நான் கேட்டதே இல்லை. விழுந்த அன்றுகூட அவள் கத்தவில்லை என்று கூட ஆடியவர்கள் சொல்லியிருந்தார்கள்.

"ஏலே தம்பி, தையலப் பிரிச்சுப்புடுவா போலருக்கு. பாத்துக்கிட்டு நிக்கிற" என்றாள் அக்கா.

அந்த வாரத்துக்குள்ளேயே, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த பிசியோவிடம், புண் ஆறட்டும், நாங்களே கூப்பிடுகிறோம் என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"வலிக்கத்தான் சார் செய்யும். பாவம்னு விட்டா மடங்கின கால் மடங்கினபடியே நின்னுரும். நான் வரலைன்னாலும் பரவாயில்ல, வேற யாரையாச்சும் கூப்பிடுங்க. தலையணைய மட்டும் வைக்காதீங்க."

சரி என்றேன். சாயங்காலமே தலையணை பழைய இடத்துக்குப் போய்விட்டது. நான்தான் வைத்தேன். கால் லேசாக மடங்கியிருந்தால் வலி தெரியவில்லை என்றாள் மகள். "நல்லவேளை அய்யா, அந்த பிசியோ அக்காவ அனுப்பிட்டீங்க" என்று சொல்லிவிட்டு உடனே தூங்கிப்போனாள். அன்றைக்கு எனக்கு நிம்மதியாக இருந்தது. இப்போது நினைத்தால் உறுத்துவது அந்த நிம்மதிதான்.

அந்தச் சமயத்தில் கீழக்கரைக்காரர் ஒருவர் தென்னைக்கு உரம் வாங்கக் கடைக்கு வந்தார். துபாயில் இருந்தபோது அவருக்கும் முழங்காலில் ஆபரேஷன் நடந்ததாம். "பிசியோவும் இல்ல, ஒண்ணும் இல்ல. அல்லா புண்ணியத்துல தானா சரியாயிருச்சு" என்று மூட்டையைத் தானே தூக்கி ஆட்டோவில் வைத்தார். அவர் சொன்னதை நான் பிடித்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் அவர் கதையைச் சொன்னேன். அவருக்கு நடந்தது என்ன ஆபரேஷன் என்று கேட்கத் தோன்றவில்லை. பின்னால் கேட்டபோதுதான் தெரிந்தது: கிழிந்து கிடந்த சவ்வில் ஒரு துண்டை எடுத்துவிட்டதோடு சரி, நார் எதையும் மாற்றவில்லை. அவரவர் முட்டிக்கு அவரவர் டாக்டர் சொல்வதுதான் கணக்கு. என் கடைக்கு வருகிறவர்களிடம் நான் சொல்வதும் ஏறக்குறைய அதுதான்.

சில வாரம் கழித்து, முதலில் கவனித்தது என் மனைவி. தண்ணீர்த் தொட்டி பக்கம் நின்று மகள் பல் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, இவ குதிகால் தரையில படலையே."

"பச்சை உடம்பு. போகப் போகச் சரியாயிரும்" என்றேன். சொன்னேனே தவிர, மறுநாளே அவளை மதுரைக்கு அழைத்துப் போனேன்.

மதுரையில் டாக்டர் அவளைப் படுக்கவைத்துக் காலை நீட்டச் சொன்னார். முட்டிக்கும் மெத்தைக்கும் நடுவில் அவர் கை தாராளமாகப் போய் வந்தது. உள்ளே தழும்பு இறுகிவிட்டது, மறுபடி மயக்கம் கொடுத்துத் துளை போட்டு விடுவிக்க வேண்டும், அதற்குப் பிறகும் முழுதாக நேராகும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார். கபடியைப் பற்றி அவள் கேட்டாள். இப்போது நேராக நடப்பதைப் பார்ப்போம் என்றார்.

"பயிற்சியை ஏன் நிறுத்துனீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் சொன்னாள்: "நான்தான் சார், வலிக்குதுன்னு வேண்டாம்னுட்டேன்."

டாக்டர் அவளைக் கடிந்துகொண்டார். படித்த பெண் இப்படிச் செய்யலாமா என்றார். அவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். நான் பக்கத்தில் நின்றேன். இல்லை டாக்டர், நான்தான் நிறுத்தினேன் என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? சொல்லவில்லை. திரும்பும் வழியில் வண்டி பரமக்குடியைத் தாண்டியது. பிறகு அவளாகவே, "உங்களச் சொல்லியிருந்தா நீங்க அங்கனயே அழுதிருப்பீங்கய்யா" என்றாள்.

இரண்டாவது ஆபரேஷனும் முடிந்தது. அதே பிசியோவிடம் போய் நின்றேன். அவர் பழையதைப் பேசாமல் வந்தார். காலையில் அவர் அமுக்குகிறார், மற்ற வேளைகளில் வீட்டில் ஒருவர் அமுக்க வேண்டும் என்றார். மனைவியால் முடியாது என்று தெரிந்தது. அக்கா தன் ஊருக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டாள்.

முதல் நாள் நான் கை வைத்ததும் மகள் முனகினாள். என் கை தானாகத் தளர்ந்தது.

"விடாதீங்க" என்றாள்.

மறுபடி வைத்தேன். மறுபடி தளர்ந்தது.

"அய்யா, உங்க மூஞ்சியப் பாத்தாத்தான் எனக்குப் பயமா இருக்கு. அங்கிட்டுத் திரும்பிக்கிட்டு அமுக்குங்க."

சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் கத்தினாள். நான் அமுக்கிக்கொண்டிருந்தேன்.

மெத்தைக்கும் முட்டிக்கும் நடுவில் இப்போதும் என் விரல்கள் நுழைகின்றன.